பதின்மூன்று

ஔலு நகரத்தில் நவம்பர் என்றால்
மூன்று மணிக்கே இருட்டு.
கடைக்குள் வருகிறவர்கள் முதலில் பூட்ஸை உதறுவார்கள்,
பிறகு சுவரைப் பார்ப்பார்கள்.
எலக்ட்ரிக் கிதார் கம்பிகள், சின்னச் சின்ன உறைகளில்:
எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று.
ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டு
அதில் ஒன்பது கூறை எடுத்தால்
ஒன்பதாம் எண்ணின் மெலிந்த கம்பி.
ஒரு கூறு கூடினால் குடியா முழுகிவிடும்
என்று கேட்பவர்கள் உண்டு.
விரலைக் கேளுங்கள் என்பேன்.

பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.
இடி இறங்க வேண்டும் என்று பையன்கள் வருவார்கள்,
தடித்ததைக் கொடுப்பேன்.
அடுத்த வாரம் விரல் கன்றிப்போய்
மெல்லியதுக்கு வருவார்கள்.
நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலுக்குத்
துருப்பிடிக்காத எஃகு.
கை வியர்ப்பவர்களுக்கு மேல்பூச்சு போட்டது.
ஒன்றும் தெரியாதவர்களுக்குப் பத்து.
எல்லாம் தெரிந்தவர்களுக்கும்
சுற்றி வளைத்துப் பேசிய பிறகு, பத்து.

அய்னிக்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மர ஆலையில் பலகை ஓரம் சீவும் இயந்திரத்தில் வேலை.
சனிக்கிழமைகளில் ஹவுகிபுதாஸ் கூடத்தில்
டாங்கோ வாசிக்கிற நால்வரில் ஒருத்தி.
பழைய கிதார்க்காரன் ஸ்வீடனுக்குக் கம்பி நீட்டியதில்
தலையில் விழுந்த பொறுப்பு.
இடது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தாள்.
மோதிர விரல் நுனியில் வெள்ளைத் தழும்பு,
கிழிந்த உறையை அவசரமாய் ஒட்டியது மாதிரி.
"தைத்துவிட்டார்கள். மடங்குகிறது, நீள்கிறது.
நுனியில்தான் ஆள் இல்லை."

அவள் முடிப்பதற்குள் என் கை
எட்டாம் எண்ணுக்குப் போய்விட்டது.
அடிபட்ட விரலுக்கு மெல்லிய கம்பி.
அரிச்சுவடி.
கூடவே
ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற ஒரு குரலும்
எனக்குத் தானாக வந்துவிட்டது.

உறையை அவள் தொடவில்லை.
"இருப்பதிலேயே தடியானது எது?"

பதின்மூன்று.
மூன்றாவது கம்பிகூடச் சுற்றுக்கம்பி.
வளையாது, கெஞ்சினாலும் வளையாது.

"டாங்கோவில் எதை வளைக்கப் போகிறேன்?
மெல்லிசாக இருந்தால்
விரலுக்கு அடியில் இருக்கிறதா,
நழுவிப் பக்கத்தில் போய்விட்டதா, தெரிவதில்லை.
தடியானது என்றால்
எலும்புக்குத் தெரியும்."

எட்டாம் எண்ணைத் திரும்ப மாட்டினேன்,
கொஞ்சம் மெதுவாகவே.

ஐம்பது நிமிட வேலை.
கழுத்து முனையின் எலும்புப் பட்டையில்
ஆறு பள்ளங்களையும் ஊசி அரத்தால் அகட்டினேன்.
உள்ளே ஓடும் இரும்புத் தண்டுக்குக் கால் சுற்று.
முதுகில் இன்னும் இரண்டு சுருள்வில்.
ஆறு நரம்பும் சேர்ந்து இழுத்ததில்
மரம் ஒருமுறை முனகியது.
செத்த நரம்பை எழுப்ப என்னால் ஆகாது.
உயிருள்ளதைத் தடிக்க வைக்கலாம்.

ஒலிபெருக்கியில் சொருகாமலே வாசித்தாள்.
ஏதோ ஒரு டாங்கோவின் நடுவிலிருந்து.
ஐந்தாவது இடத்தில் தவறியது.
பெர்கெலே, என்றாள்.
எங்கள் ஊரில் அதுவும் சுருதி சேர்ப்பதில் ஒரு பகுதி.
மறுபடியும் ஐந்தாவது இடம்.
கையைப் பார்க்காமல்,
தெருவில் பனி தள்ளும் வண்டியைப் பார்த்தபடி
அழுத்தினாள்.
இருந்தது.
அதற்கடுத்தது இல்லை. அதற்கடுத்தது இருந்தது.

காசு கொடுக்கும்போது
கழற்றிய பழைய கம்பிகளையும் கேட்டாள்.
எதற்கு?
"பாலாடைக்கட்டி அறுக்க.
மெல்லிசு அதற்குத்தான் லாயக்கு."

அன்று கடை பூட்டும்போது
பத்துச் சாவிக் கொத்தைக் கையுறையோடு
மோதிர விரலால் மட்டும் தடவிப் பார்த்தேன்.
குளிரில் அதுவும் செத்துத்தான் இருந்தது.
ஒவ்வொன்றாய் நழுவின.
பின்கதவின் பெரிய சாவிதான்
முதலில் அகப்பட்டது.
நான் நின்றது முன்கதவில்.